தற்காலிக நடவடிக்கை: ஹை பீம்

ஒரு பல்பு மாற்றுவதற்கு பம்பரைக் கழற்ற வேண்டுமாம். சொன்னவர் முகத்தில் வருத்தமோ கூச்சமோ இல்லை. கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட், இருபத்தைந்து வயதிருக்கும். “லெஃப்ட் சைடு லோ பீம் போயிருக்கு சார். பல்பு மாத்தணும்னா பம்பரை இறக்கணும். இறக்கினா கிளிப்பெல்லாம் உடையும். அதுக்கும் சேர்த்து எஸ்டிமேட் போட்டுடறேன்” என்றார். உடையலாம் என்று சொல்லவில்லை, உடையும் என்றார். எஸ்டிமேட்டைப் பார்த்தேன். கூலி, கிளிப், ‘அலைன்மென்ட் செக்’, கிளீனிங், ஏதோ ஒரு திரவம், எல்லாம் தாண்டி ஜி.எஸ்.டி.க்குச் சற்று மேலே பல்பின் விலை ஒதுங்கி நின்றது. அந்தப் பட்டியலிலேயே மிகவும் மலிவான ஜீவன் அதுதான்.

வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இன்னும் ஆறவில்லை. ஆகவே இந்தக் கட்டுரையில் நிதானத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

இதையே வேறு ஊரில் சொல்லியிருந்தால் பேசாமல் பணத்தைக் கட்டியிருப்பேன். ஓசூரில் சொல்லலாமா? 1980-இல் டி.வி.எஸ் 50 உருண்டு வந்த ஊர் இது. அதே காலத்தில்தான் அசோக் லேலண்ட் லாரிகளும் இங்கிருந்து புறப்பட ஆரம்பித்தன. இப்போது ஏத்தர் ஸ்கூட்டர் ஓசூரில், ஓலா ஸ்கூட்டர் அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் போச்சம்பள்ளிப் பக்கம். கெலமங்கலம் சாலையில் ஃபியம் இருக்கிறது. அவர்கள் தொழிலே வண்டிகளுக்கு விளக்கு செய்வது. ஜூஜூவாடி தாண்டி, அத்திப்பள்ளி தாண்டி, கர்நாடகத்துக்குள் கொஞ்சம் போனால் பொம்மசந்திரா. அங்கே தலைமையகம் வைத்திருக்கும் சுப்ரஜித் நிறுவனம் 2015-இல் பீனிக்ஸ் லேம்ப்ஸை வாங்கியது. ஹாலஜன் பல்பு செய்வதில் பழைய கை அந்த பீனிக்ஸ். தெற்கே விளக்கு, வடக்கே பல்பு, நடுவே நான் ஒற்றைக் கண்ணோடு ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்த டி.வி.எஸ் 50-க்கு ஹெட்லைட் எப்படி எரிந்தது என்று ஞாபகம் இருப்பவர்களுக்கு இருக்கும். மேக்னெட்டோவிலிருந்து நேராக விளக்குக்கு மின்சாரம். முறுக்கினால் வெளிச்சம், விட்டால் இருட்டு. பள்ளம் வருகிறதா என்று பார்க்க வேண்டுமானால் வேகத்தைக் கூட்ட வேண்டும், பள்ளம் தெரிந்துவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும், குறைத்ததும் பள்ளம் மறைந்துவிடும். அந்த வண்டியில் பல்பு மாற்ற ஒரே ஒரு ஸ்குரூ. என் தாய்மாமா பல்லில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு மழையில் மாற்றியிருக்கிறார். பம்பரே கிடையாது என்பதால் அதைக் கழற்றும் பேச்சும் எழவில்லை.

சர்வீஸ் சென்டரை விட்டால் அக்கம்பக்கம் இருக்கிறதே என்று தெம்பாக இருந்தேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் வண்டி செய்கிறார். ஆனால் முழு வண்டியை யாரும் செய்வதில்லை என்பது பானட்டைத் திறந்து வைத்த பிறகுதான் விளங்கியது. எதிர்வீட்டுக்காரர் இருபது வருஷம் கிராங்க் ஷாஃப்ட் லைனில் இருந்தவர். வந்தார், பார்த்தார். “இது என் ஏரியா இல்லீங்க” என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். மூலைவீட்டுத் தம்பி பெயின்ட் ஷாப். ஹெட்லைட்டைப் பார்க்கவே இல்லை. பம்பரில் விரலைத் தேய்த்து, “ரீபெயின்ட் பண்ணியிருக்காங்கண்ணா. ஆரஞ்சு பீல் தெரியுது பாருங்க” என்றான். புதிதாய் வாங்கிய வண்டி என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். இன்னொருவர் வாட்ச் கம்பெனியில் ரிட்டயர் ஆனவர். ஸ்பிரிங் கிளிப்பை மட்டும் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். “நல்ல டென்ஷன்” என்று பாராட்டிவிட்டுப் போனார்.

எனவே நானே வாங்கிப் போட்டுவிடலாம் என்று ஸ்பேர்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் போனில் தெலுங்கு, பக்கத்தில் நின்ற லாரிக்காரரிடம் கன்னடம், உள்ளே ஸ்டாக் எடுக்கும் பையனிடம் உருது. என்னைப் பார்த்ததும் தமிழுக்கு வந்தார்.

“ஹெட்லைட் பல்பு வேணும்.”

“எச் ஃபோரா, எச் செவனா, எச் லெவனா?”

“காருக்கு.”

“காருக்குத்தாண்ணா மூணும்.”

இதற்கு மேல் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் அந்தக் கல்லாவுக்கு முன்னால் நிற்கத்தான் போகிறீர்கள். ‘எச்’ என்றால் ஹாலஜன். ஐரோப்பாவில் 1962-இல் எச் 1 வந்தது. இழை ஒன்றுதான். 1971-இல் எச் 4. அதில் ஒரே பல்புக்குள் இரண்டு இழை, 60 வாட் ஹை பீமுக்கு, 55 வாட் லோ பீமுக்கு. பின்னால் மூன்று கால். இந்திய ரோட்டில் ஓடும் சாதாரணக் கார்களில் பெரும்பாலும் குடியிருப்பது இதுதான். எச் 7-இல் மறுபடி ஒரே இழை, ஆகவே பக்கத்துக்கு இரண்டு பல்பு வேண்டும். எச் 11 பெரும்பாலும் கீழே பனிவிளக்கில், பிளாஸ்டிக் கழுத்தோடு. பைக்குகளில் எச்.எஸ் 1 என்று ஒன்று, 35/35 வாட். பார்ப்பதற்கு எச் 4 போலவே மூன்று கால், இரண்டு இழை. ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. சில மெக்கானிக்குகள் ராவிப் பார்த்து உட்கார வைத்துவிடுவார்கள், அது வேறு கதை. இடையில் சில எண்களைக் கடையில் காணோம். யாரும் தேடுவதாகவும் தெரியவில்லை.

பின்பக்கம் வேறு உலகம். பிரேக்கும் டெயிலும் ஒரே பல்பு என்றால் டபுள் கான்டாக்ட், 21/5 வாட். பக்கத்துக் குமிழ்கள் ஒன்று மேலே ஒன்று கீழே இருக்கும், தப்பாகப் போட முடியாது. போட முடியாது என்பதற்காக யாரும் முயலாமல் இருப்பதில்லை. அழுத்தித் திருகிப் போட்டுவிட்டு, பிரேக் பிடிக்கும்போது மங்கி, விட்டால் பிரகாசிக்கும் வண்டிகளின் பின்னால் நான் போயிருக்கிறேன். லாரிக்கு 24 வோல்ட். அந்த பல்பைக் காரில் போட்டால் சோகையாக எரியும். காரின் பல்பை லாரியில் போட்டால் ஒரே ஒரு முறை மிக நன்றாக எரியும்.

“எல்.ஈ.டி. போட்டுடுங்கண்ணா. ஆறாயிரம் கெல்வின், வெள்ளையா அடிக்கும். எல்லாரும் அதான் போடறாங்க.”

எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள் என்பது எனக்கு ராத்திரி பாகலூர் சாலையில் தெரிகிறது. நான் எச் 4 ஒன்று வாங்கினேன். ஜோடியாக மாற்றுவதுதான் முறை என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறார்கள். பல்பு விற்பவரின் அறிவுரையைப் பல்பு விற்பவரின் அறிவுரையாகவே எடுத்துக்கொண்டேன்.

வீடு திரும்பும்போது கேட்டருகே குவாலிட்டி சார் நின்றார். அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முப்பது வருஷம் குவாலிட்டி அஷ்யூரன்ஸ். ஓசூரில் குவாலிட்டி என்பது வேலை மட்டும் இல்லை. டி.வி.எஸ் மோட்டார் 2002-இல் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. அதற்கு முன்னும் பின்னும் இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் கைசன், ஃபைவ் எஸ், போகா யோகே என்ற சொற்கள் காலை டீயோடு சேர்த்து ஊற்றப்பட்டிருக்கின்றன. ரிட்டயர் ஆனாலும் இறங்குவதில்லை. அவர் வீட்டுச் சமையலறையில் மிளகாய்த்தூள் டப்பா இருக்கும் இடத்தில் மிளகாய்த்தூள் டப்பாவின் படம் வரைந்திருக்கிறது. டப்பாவை எடுத்தால் அது காணாமல் போயிருப்பது தெரிய வேண்டுமாம். மாமி அந்தப் படத்தின் மேல் உப்பு ஜாடியை வைத்துப் பழிவாங்குகிறார்.

“பல்பு வாங்கிட்டீங்க. சரி. ஏன் போச்சுன்னு பார்த்தீங்களா?” என்றார்.

“போச்சு சார். பல்புன்னா போகும்.”

“அப்படிச் சொல்லிட்டா முடிஞ்சுதா? ஏன்னு அஞ்சு தடவை கேக்கணும். அப்பதான் ரூட் காஸ் கிடைக்கும். இல்லேன்னா புது பல்பும் போகும்.”

உள்ளே போய் ஒரு பேடும் பேனாவும் கொண்டுவந்தார். அந்தப் பேடு எதற்கும் தயாராகக் கேட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது என்று நினைக்கிறேன்.

முதல் ஏன். ஏன் எரியவில்லை? இழை அறுந்துவிட்டது. இதில் எங்களுக்குள் தகராறு இல்லை.

இரண்டாவது ஏன். இழை ஏன் அறுந்தது? இங்கே அவர் கொஞ்சம் மலர்ந்தார். டங்ஸ்டன் இழை எரியும்போது துளித்துளியாக ஆவியாகும். சாதாரண குண்டு பல்பில் அந்த ஆவி கண்ணாடியில் படிந்து கறுக்கும். ஹாலஜன் பல்பில் அயோடினோ புரோமினோ கொஞ்சம் அடைத்திருப்பார்கள். அது ஆவியான டங்ஸ்டனைப் பிடித்து இழைக்கே திரும்பக் கொண்டுவந்து விடும். “அப்போ என்றைக்கும் போகவே கூடாதே சார்?” என்று கேட்டேன். “கிளம்பின இடத்துக்கே திரும்பாது. ஒரு இடத்தில் தடிக்கும், ஒரு இடத்தில் மெலியும். மெலிஞ்ச இடத்தில் சூடு அதிகம், இன்னும் மெலியும்” என்றார். வீட்டுக்கடன் வட்டி நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை.

மூன்றாவது ஏன். ஏன் இவ்வளவு சீக்கிரம் மெலிந்தது? வோல்டேஜ் கூடினால் ஆயுள் குறையும், அதுவும் கடுமையாக. ஐந்து சதவீதம் கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. மல்ட்டிமீட்டர் வந்தது. என்ஜின் ஓட, பேட்டரியில் அளந்து பார்த்தோம். அளவு சரியாகத்தான் இருந்தது. அவருக்கு அதில் ஏமாற்றம். ஆல்டர்னேட்டரை மன்னித்துவிட்டு வேறு காரணத்தைத் தேடினார். பழைய பல்பின் கண்ணாடியில் எண்ணெய் பட்டிருக்கலாம். அது கண்ணாடிகூட இல்லை, குவார்ட்ஸ். கொதிக்கிற சூடு. விரல்ரேகை பட்ட இடம் மட்டும் அளவுக்கு மீறிச் சுட்டு, அங்கேதான் கெட ஆரம்பிக்கும். அதனால்தான் கண்ணாடியைத் தொடாதே என்று எல்லாப் பெட்டியிலும் படம் போட்டிருக்கிறார்கள்.

நான்காவது ஏன். எண்ணெய் ஏன் பட்டது? “போன தடவை யார் போட்டது?” என்றார். பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு எலக்ட்ரீஷியன் என்றேன். “ஆபரேட்டருக்கு ட்ரெயினிங் ரெக்கார்டு இருக்கா?” இல்லை என்றேன். “போடறப்ப என்ன பண்ணிட்டிருந்தார்?” யோசித்துப் பார்த்தேன். பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

குவாலிட்டி சார் பேனாவை மூடி மறுபடி திறந்தார். முப்பது வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு தெளிவான தடயம் கிடைத்திருக்காது போலிருக்கிறது. வாழைக்காயா, மிளகாயா என்றுகூடக் கேட்டுக் குறித்துக்கொண்டார். “கை துடைச்சாரா?” துடைத்தார், பஜ்ஜி மடித்து வந்த பேப்பரிலேயே.

ஐந்தாவது ஏன். பஜ்ஜி ஏன் வந்தது? எலக்ட்ரீஷியன் கடைக்குப் பக்கத்தில் டீக்கடை இருந்ததால். ஆக ரூட் காஸ்: டீக்கடையின் இருப்பிடம். கரெக்டிவ் ஆக்‌ஷன்: டீக்கடையை இடம் மாற்றுதல். பொறுப்பு என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினார். எந்தத் தேதிக்குள் என்று கேட்டார்.

நான் எதிர்வாதம் செய்தேன். டீக்கடை அங்கே இருப்பதற்குக் காரணம் பஸ் நிலையம், பஸ் நிலையம் அங்கே இருப்பதற்குக் காரணம் நெடுஞ்சாலை, நெடுஞ்சாலை அங்கே இருப்பதற்குக் காரணம் ஸ்ரீநகரும் கன்னியாகுமரியும் என்றேன். “அஞ்சு ஏனுக்கு மேல் போகக் கூடாது. போனா எல்லாப் பழியும் மேனேஜ்மென்ட் மேல வந்து விழும்” என்றார். இதை அவர் முழுத் தீவிரத்தோடு சொன்னார். பிறகு மீன்முள் படம் ஒன்று வரைந்தார். மேன், மெஷின், மெட்டீரியல், மெத்தட் என்று நாலு முள். ‘மெட்டீரியல்’ முள்ளில் கடலைமாவு ஏறியது. கிராங்க் ஷாஃப்ட்காரர் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, ‘மெத்தட்’ முள் ஏன் காலியாக இருக்கிறது என்று ஆட்சேபித்தார். தன் ஏரியா இல்லாத விஷயத்தில் அவருக்கு அதுதான் முதல் கருத்து. அதற்குள் இருட்டிவிட்டது. பல்பு என் சட்டைப்பையில்தான் இருந்தது.

“இதெல்லாம் முடியற வரைக்கும் வண்டியை எப்படி ஓட்டறது சார்?”

“கன்டெய்ன்மென்ட் ஆக்‌ஷன்னு ஒண்ணு இருக்கு. நிரந்தரத் தீர்வு வர வரைக்கும் தற்காலிக நடவடிக்கை. ஹை பீம் எரியுதில்ல?”

“எரியுது.”

“அதுல ஓட்டுங்க.”

இருபது வருஷமாக எனக்குப் புரியாமல் இருந்த ஒன்று அந்த இடத்தில் புரிந்தது. தேன்கனிக்கோட்டைச் சாலையிலும் பாகலூர் சாலையிலும் ராத்திரி எதிரே வருகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. எல்லாருமே தற்காலிக நடவடிக்கையில் இருக்கிறார்கள். எச் 4-இல் தினமும் அதிகம் உழைப்பது லோ பீம் இழை, அதனால் முதலில் சாவதும் அதுதான். அது செத்த அன்றைக்கு ஸ்விட்சைத் தள்ளிப் பார்க்கிறோம், இன்னொரு இழை பளீரென்று எரிகிறது. லைட்டு எரியுதே, அப்புறம் என்ன? ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். தக்காளி ஏற்றிக்கொண்டு ராயக்கோட்டையிலிருந்து வரும் மினி லாரிக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. ரோஜா ஏற்றிப் போகும் வேனுக்குப் பிப்ரவரி முழுக்க ஞாயிறு கிடையாது. ஷிஃப்ட் முடிந்து வரும் பைக்குக்கு ஞாயிறு உண்டு, அன்றைக்குத் தூங்க வேண்டும்.

அந்த பல்புக்குள் லோ பீம் இழைக்கு அடியில் ஒரு குட்டித் தகரக் கிண்ணம் உண்டு. கீழ்ப்பாதிக்குப் போகும் வெளிச்சத்தை அது தடுத்துவிடும். மேல்பாதியில் பட்ட வெளிச்சம் மட்டும் கண்ணாடியில் திரும்பிச் சாலையில் இறங்கும், எதிராளியின் கண்ணுக்கு ஏறாது. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால் வெளிச்சத்தின் விளிம்பு இடது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மேலே ஏறி, நடந்துபோகிறவரைக் காட்டும். ஹை பீம் இழைக்கு அந்தக் கிண்ணமும் இல்லை, விளிம்பும் இல்லை. லோ பீம் 1000 லூமென் என்றால் இது 1650, அதுவும் நேர்கோட்டில். முன்னால் வருபவருக்காக யாரோ இவ்வளவு சின்ன இடத்தில் ஒரு தகரத்தை வளைத்து வைத்திருக்கிறார், நாம் அதை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப் போடுகிறோம். எனக்கு இதில் நிஜமாகவே எரிச்சல். சானமாவு காட்டுப்பக்கம் யானை ரோட்டைக் கடக்கும் இடம் என்று பலகை இருக்கிறது. எதிர்வெளிச்சத்தில் எனக்குப் பலகையும் தெரிவதில்லை, யானையும் தெரியப்போவதில்லை.

அரசாங்கம் இதற்கு என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறது. ஹெட்லைட் கண்ணாடியின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது நம் பக்கத்துக்கே உரிய சடங்கு. போலீஸார் வரிசையாக வண்டிகளை நிறுத்தி ஒட்டுவார்கள், மறுநாள் நாளிதழில் படம் வரும். டிம்மில் ஓட்டுகிறவனுக்கும் ஒரே ஸ்டிக்கர், ஹை பீமில் ஓட்டுகிறவனுக்கும் அதே ஸ்டிக்கர். 2017 ஏப்ரல் முதல் புது பைக்குகளில் ஹெட்லைட் என்ஜினோடு தானாக எரிய வேண்டும் என்று விதி வந்தது. பகலில் எரியும் லைட்டைப் பார்த்த ஊர் சும்மா இருக்குமா? எதிரே வருகிறவர் ஒவ்வொருவரும் ஐந்து விரலையும் விரித்து மூடி, விரித்து மூடி, லைட்டை அணைக்கச் சொன்னார்கள். அணைக்க ஸ்விட்ச்சே இல்லை என்று எந்தச் சைகையில் பதில் சொல்வது? பகலில் எரியும் லைட்டுக்கு இவ்வளவு அக்கறை காட்டிய அதே மனிதர்கள், ராத்திரி ஆனதும் ஹை பீமோடு வந்தார்கள்.

காரில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் பூஜ்யம் முதல் மூன்று வரை எண் போட்ட ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். பின்சீட்டில் ஆள் ஏறி, டிக்கியில் மாம்பழக் கூடை ஏறினால் வண்டியின் மூக்கு மேலே தூக்கும், டிம் லைட்கூட எதிராளி கண்ணில் அடிக்கும். சக்கரத்தைத் திருப்பினால் வெளிச்சம் கீழே இறங்கும். பூஜ்யம்தான் உயரம், மூன்று என்றால் தாழ்வு. நான் விசாரித்த வரையில் பாதிப் பேர் அதை ஏ.சி. சம்பந்தப்பட்டது என்று நினைத்தார்கள். மூன்றில் வைத்திருந்த ஒரே நண்பர், மூன்று மடங்கு வெளிச்சம் கிடைப்பதாகச் சொன்னார்.

பிறகு எல்.ஈ.டி. தொழிற்சாலையிலேயே எல்.ஈ.டி.க்கென்று வடிவமைத்த விளக்கோடு எனக்குச் சண்டை இல்லை. எச் 4-க்கு என்று செய்த கூட்டில், இழை இருந்த இடத்தில், இரண்டு பக்கமும் சில்லு ஒட்டிய ஒரு பட்டையைச் செருகுகிறார்களே, அதோடுதான். வெளிச்சம் பிறக்கும் இடம் மில்லிமீட்டர் தள்ளினாலும் பிரதிபலிக்கும் இடம் மாறிவிடும். டிம்மில் வைத்தாலும் தெருவிளக்குக் கம்பம், வேப்பமரம், இரண்டாவது மாடி பால்கனி எல்லாம் தெரியும். சாலை மட்டும் தெரியாது. ஓட்டுகிறவருக்கு வெள்ளையாக இருப்பதால் நிறைய வெளிச்சம் என்று தோன்றும். ஹாலஜன் சுமார் 3200 கெல்வின், மஞ்சள் சாயல், ஆகவே ஏழை. பிரெஞ்சுக்காரர்கள் 1936-இல் சட்டம் போட்டு 1993 வரை கார்களில் மஞ்சள் விளக்குதான் வைத்திருந்தார்கள். ஓசூரில் டிசம்பர் பனியில் மஞ்சள்தான் ஊடுருவும் என்று எங்கள் தெருவில் ஒரு கட்சி உண்டு. பனித்துளி பெரிது, எல்லா நிறத்தையும் ஒரே மாதிரிதான் சிதறடிக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். மஞ்சள் ஊடுருவாது, கண் கூசுவது வேண்டுமானால் குறையும். கட்சி கலையவில்லை. பெயின்ட் ஷாப் தம்பி ஹெட்லைட்டுக்கு மஞ்சள் ஃபிலிம் ஒட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். அவனுக்கு அது ஏரியா.

சரி, பல்பு. மறுநாள் காலையில் அதே எலக்ட்ரீஷியனிடம்தான் போனேன். வேறு யாரைத் தெரியும்? அவர் கடையில் இல்லை, பையன் இருந்தான். பதினெட்டு, பத்தொன்பது வயது. காதுக்கும் தோளுக்கும் நடுவே போனைச் செருகி, கன்னடத்தில் யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டிருந்தான். பானட்டைத் திறந்தான். பேட்டரியை இரண்டு போல்ட் தளர்த்தி ஒரு விரல் அகலம் நகர்த்தினான். வலது கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டான். அவன் கண் அங்கே இல்லை, ரோட்டில் இருந்தது. ரப்பர் மூடி வெளியே வந்தது, கப்ளர் வந்தது, ‘நல்ல டென்ஷன்’ கொண்ட கிளிப் ஒரு சத்தத்தோடு விலகியது. செத்த பல்பு வந்தது. புதியதைப் பெட்டியிலிருந்து தகரத்தைப் பிடித்து எடுத்தான். கண்ணாடியைத் தொடவில்லை. யாரும் சொல்லிக்கொடுத்த மாதிரியும் தெரியவில்லை. பம்பர் அதன் இடத்திலேயே இருந்தது. கேட்ட காசு ஒரு டிபனுக்குக் காணாது.

“தம்பி, பம்பர் கழட்டணும்னாங்களே?”

“கழட்டலாம்ணா. உங்களுக்குக் கழட்டணுமா?”

குவாலிட்டி சாருக்குச் செத்த பல்பைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஃபெயில்டு பார்ட் இல்லாமல் ரிப்போர்ட்டை மூட முடியாது என்று காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார். பஜ்ஜித் தடயம் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்தார். தெளிவாக எதுவும் தெரியவில்லை போலிருக்கிறது. ‘ஆய்வில் உள்ளது’ என்று எழுதிக்கொண்டார். டீக்கடைத் தேதியை மட்டும் நினைவுபடுத்தினார்.

அன்றைக்கு ராத்திரி பாகலூர் சாலையில் போனேன். இரண்டு பக்கமும் டிம் எரிந்தது. புதிய இடது கொஞ்சம் பளிச், பழைய வலது கொஞ்சம் மங்கல். ஆனாலும் இரண்டும் சாலையில்தான் விழுந்தன. ஓரத்தில் சைக்கிள் தள்ளிக்கொண்டு போனவரின் செருப்பு வரை தெரிந்தது. சக்கரத்தைக்கூட ஒன்றில் வைத்திருந்தேன். எதிரே ஒரு வேன் வந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. எனக்கு இப்போது உரிமை இருக்கிறதே என்று, டிம் பண்ணப்பா என்று, ஒருமுறை ஹை பீமை அடித்துக் காட்டினேன்.

அவர் உடனே தன் ஹை பீமை அடித்துக் காட்டினார். அதுவரை எரிந்தது டிம்மாம்.